ஓசி சாப்ட்வேர்

அந்தப் பையக் கொஞ்சம் மடியில வச்சுக்கிடுங்க தம்பி. இந்தப் பெட்டிய நான் கீழ வைக்க முடியாது. இந்தப் பஸ்சு குதிக்கிற குதிக்கு உள்ள இருக்கிறது ஆடிப்போயிரும். பயப்படாதீங்க, குண்டு கிண்டு இல்ல. கம்ப்யூட்டர் பெட்டிதான். தூசி படாம இருக்க எங்க வீட்டுக்காரி பழைய சேலையச் சுத்திக் குடுத்தா. கண்டக்டர் என்னமோ மூட்டை கடலையத் தூக்கிட்டு வந்த மாதிரி லக்கேஜ் டிக்கெட் போட்டுட்டுப் போறான். போடட்டும்.

நீங்க எதுவரைக்கும்? விருதுநகரா. சரி, நான் சிவகாசி. உங்க ஊருக்கே இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கு.

என் பேரு காளிராஜ். நீங்க கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க, எங்க ஊருல கேட்டாத் தெரியும். காலண்டர் டிசைனர். உங்க வீட்டுல தினசரி காலண்டர் தொங்குதுல்ல, மேல லட்சுமி, முருகன், பிள்ளையாருன்னு ஒரு அட்டை இருக்கும், கீழ தேதி தாள் இருக்கும். அந்த அட்டை பூராம் நம்ம கைதான். இருபத்திரெண்டு வருஷம். அந்த இருபத்திரெண்டு வருஷமும் இந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. இது திறந்தா என் சீட்டு எனக்கு. திறக்கலேன்னா திங்கக்கிழம காலையில ஒரு இருபத்தாறு வயசுப் பொட்டப்புள்ள பக்கத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து நான் வேலை கத்துக்கிடணுமாம். எங்க முதலாளி சொல்லிட்டாரு. மதுரையில மூணு பேருகிட்ட பெட்டியக் காட்டிட்டுத்தான் வாரேன். அவங்க என்ன சொன்னாங்கங்கிறத அப்புறம் சொல்றேன். மொதல்ல அந்தப் புள்ளயப் பத்திச் சொல்லணும். சொல்லலேன்னா எனக்குத் தொண்டையில நிக்கும்.

சித்திரையில ஆரம்பிச்ச வினை இது. எங்க பிரஸ்ஸு முதலாளி ராஜரத்தினம் அண்ணாச்சிக்கு ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்துச்சு. பள்ளிக்கூடத்துப் புள்ளைக படம் வரையிற நோட்டு. நல்ல ஆர்டர். ஆனா குடுக்கிறவன் சும்மா குடுப்பானா? நிரப்பிக் குடுக்கச் சொல்லி ஒரு பாரம் அனுப்பினான். தீயணைக்கிற டப்பா இருக்கா, கக்கூஸ் சுத்தமா இருக்கான்னு என்னென்னமோ கேள்வி. அதுல ஒரு கேள்வி, டிசைன் எந்த சாப்ட்வேர்ல பண்றீங்க, அதுக்கு பில் வையிங்கன்னு. அண்ணாச்சி என்னையக் கூப்பிட்டு, நம்ம சாப்ட்வேருக்கு பில் இருக்கா காளின்னு கேட்டாரு.

பில்லாம். நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாள்ல இருந்து இந்த ஊருல எவனும் எவன்கிட்டயும் கேக்காத கேள்வி அது. நான் சொன்னேன், அண்ணாச்சி, நான் காசு குடுத்து வாங்குனது, மதுரைக்கு பஸ் ஏறிப் போயி, கடையில நின்னு, நூத்தம்பது ரூபாய்க்கு டிவிடி வாங்குனது, அப்புறம் ரெண்டு தடவ புதுசு வந்தப்பவும் போயி வாங்கியிருக்கேன்னு. அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. அது அந்தக் கம்பெனிக்காரன் வித்தது இல்லையேடான்னாரு. யாரு வித்தா என்ன தம்பி? கை நீட்டி காசு குடுத்தோமா இல்லையா?

அவரு நிஜ விலைய விசாரிச்சிருக்காரு. ஆறு கம்ப்யூட்டருக்கு, அதுவும் வருஷா வருஷம் கட்டணும்னு சொல்லியிருக்கான். கேட்டுட்டு வந்து ரெண்டு நாளு கால்குலேட்டரத் தட்டிக்கிட்டே இருந்தாரு. மூணாவது நாளு அந்தப் புள்ள வந்துச்சு.

கார்த்தீஸ்வரின்னு பேரு. சாத்தூரு. சின்னப்புள்ளைக கதைப்புத்தகத்துக்கு வீட்டுல இருந்தே படம் போட்டுக் குடுக்குமாம். ஒரு பழைய லேப்டாப்பு, மூடி மேல பெங்குவின் படம். வந்ததும் வணக்கம்ணேன்னுச்சு. அதுல ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது. அப்புறம் அண்ணாச்சி முன்னாடி சொல்லுது, நான் காசு கட்டுற சாப்ட்வேரே வச்சுக்கிடல, எல்லாம் இந்தப் பெங்குவின் படம் போட்ட லினக்சுல சும்மா கிடைக்கிறது, உலகம் பூராம் இருந்து ஆளுக சேந்து எழுதுறது, பில் வேண்டாம், லைசென்சு தாளே நான் அச்சடிச்சுக் குடுக்கிறேன்னு. அண்ணாச்சி மூஞ்சியப் பாக்கணுமே. ஓசின்னு சொன்னா பினாயிலையும் குடிப்பான்னு ஒரு பேச்சு உண்டுல்ல. அதக் கண்ணால பாத்தேன்.

நான் அப்பவே கேட்டேன். ஏம்மா, சும்மா குடுக்கிறவன் நல்ல பொருளக் குடுப்பானா? ஓசி சாப்ட்வேர்ல பள்ளிக்கூடத்துப் புள்ளைக பூ வரையலாம், தொழில் பண்ண முடியுமா? எனக்குக் காசு குடுத்து வாங்குனாத்தான் கை ஓடும். அதுக்கு அது கோபப்படல. சிலது முடியும்ணே, சிலது நேரம் எடுக்கும், ஒண்ணு ரெண்டு இன்னும் சரியா வராதுன்னு சொல்லுச்சு. கேட்டீங்களா? தன் வாயாலயே வராதுன்னு சொல்லுது. அதையும் அண்ணாச்சி தலைய ஆட்டிக் கேக்காரு. நான் இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு நாள் முடியாதுன்னு சொல்லியிருப்பேனா?

நோட்டு வேலைய அது கையில குடுத்துட்டாங்க. எனக்கும் அதே ஓசி சாப்ட்வேரப் போட்டு ஒரு மெஷினக் குடுத்து, உக்காந்து பாரு காளின்னாரு அண்ணாச்சி. உக்காந்தேன். எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு தம்பி, உங்களுக்குத் தெரியாது. டிசைன் முடிஞ்சதும் எழுத்தெல்லாத்தையும் கோடா மாத்திருவோம். கர்வ் போடுறதுன்னு சொல்லுவோம். ரெண்டு கீய அமுக்குனாப் போதும். அப்புறம் எவனும் அதுல ஒரு எழுத்த மாத்த முடியாது. மாத்தணும்னா என்கிட்டதான் வரணும். கடைக்காரனுக்குக் கர்வ் போட்ட பைலத்தான் குடுப்போம். ஓபன் பைல், அதாவது மாத்துறதுக்குத் தோதா இருக்கிற அசல், அது டிசைனர்கிட்டதான் இருக்கும். முதலாளியே கேட்டாலும் குடுக்கக் கூடாது. குடுத்தவன் அன்னைக்கே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரு முதல் நாள் சொன்னதே அதுதான்.

அதுனால அந்த ரெண்டு கீ என் விரல்ல ஊறிப் போனது. அந்த ஓசி சாப்ட்வேர்ல அரை மணி நேரம் முக்கி முனங்கி ஒரு மாங்கா வரைஞ்சேன். கை தன்னால போயி ரெண்டு கீய அமுக்குச்சு. சாப்ட்வேரே மூடிக்கிட்டுப் போயிருச்சு. மாங்காயக் காணோம். அதுல அந்தக் கீக்கு அர்த்தம் வெளிய போன்னாம். எழுந்து வந்துட்டேன். மறுநாள் அந்தப் புள்ள வந்து, அண்ணே, நீங்க பழகுன கீ பூராத்தையும் அப்படியே இதுல மாத்தி வச்சிட்டேன், இப்ப பாருங்கண்ணேன்னுச்சு. ராத்திரி உக்காந்து மாத்துனாளாம். யாரு கேட்டா? நான் அந்த மெஷின் பக்கமே திரும்பல.

திருமங்கலம் வந்துருச்சு. டீ குடிக்கிறீங்களா? வேண்டாம், நான் எறங்குனா இந்தப் பெட்டிய யாரு புடிக்கிறது.

நோட்டு வேலை முடிஞ்சு வெளிநாட்டுக்குப் போயிருச்சு. நல்லாப் போச்சுன்னு சொன்னாங்க. புள்ளைக நோட்டுக்கு என்ன தம்பி, நாலு ஆனை, நாலு பூனை. காலண்டர்ல காட்டு பாப்போம்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். எங்களுக்கு வருஷம் பொறக்கிறது ஆடி பதினெட்டு. அன்னைக்குத்தான் அடுத்த வருஷ காலண்டர் ஆல்பத்த எடுத்து பூசை போடுவோம். எல்லா டிசைனும் அதுல இருக்கும். எந்தெந்த ஊர்ல இருந்தோ ஏஜெண்டுக வருவாங்க, பொரட்டிப் பாத்து ஆர்டர் போடுவாங்க. அன்னைக்கு ஆல்பம் இல்லாத பிரஸ்ஸு அந்த வருஷம் இல்ல. அவ்வளவுதான்.

ஆனி மாசம் அண்ணாச்சி ஒரு லட்சுமி அட்டைய அவகிட்டக் குடுத்தாரு. தங்க பார்டர். உங்களுக்குச் சொல்றேன், சாதாரணமா அச்சுல நாலு கலருக்கு நாலு பிளேட்டு. தங்கத்துக்குத் தனியா அஞ்சாவது பிளேட்டு போடணும், தனி மை ஓட்டணும். அந்தப் புள்ள பைல அனுப்புறப்ப நான் தண்ணி குடிக்கப் போற மாதிரி போயி ஸ்கிரீன எட்டிப் பாத்தேன். நாலு பிளேட்டுதான் வந்திருக்கு. தங்கத்தக் காணோம். எனக்குப் பாத்த உடனே தெரிஞ்சு போச்சு.

சொல்லல. நான் எதுக்குச் சொல்லணும்? லைசென்சு தாளு இருக்குல்ல, அது சொல்லட்டும்.

பிளேட்டு போட்டு ஓட்டியாச்சு. லட்சுமிக்குப் பார்டர் கடுகுக் கலர்ல வந்து நிக்குது. தாயாருக்கு யாரோ ஊறுகாயத் தடவி விட்ட மாதிரி. பிரஸ்ஸே சிரிச்சுச்சு. நான் சத்தமாவே சொன்னேன், ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்னு. அந்தப் புள்ள மெஷினக் குத்தம் சொல்லல, என்னையக் குத்தம் சொல்லல. அண்ணாச்சிகிட்டப் போயி, தப்பு என்னுதுதான், ரெண்டு நாளு டைம் குடுங்கன்னுச்சு. கம்ப்யூட்டர்ல எங்கேயோ ஒரு இடத்துல கேள்வி எழுதிப் போட்டுச்சாம், பிரேசில் நாட்டுல இருக்கிற எவனோ ஒருத்தன் பதில் எழுதியிருக்கான். சாமிக்குத் தங்கம் போட சாத்தூர்க்காரி பிரேசிலுக்குப் போறா. படத்த ஒரு சாப்ட்வேர்ல பண்ணி, பிளேட்டு பிரிக்கிறத இன்னொரு ஓசி சாப்ட்வேர்ல பண்ணணுமாம். ரெண்டாவது நாளு அஞ்சு பிளேட்டும் வந்துருச்சு. தங்கம் நல்லாத்தான் இருந்துச்சு. அத நான் இல்லேங்கல.

அதுக்கப்புறம் ஒரு நாளு என்கிட்ட வந்து கேட்டுச்சு. அண்ணே, காப்பி எங்கேயாவது வச்சிருக்கீங்களா, ஒரே பெட்டியில இருபத்திரெண்டு வருஷமும் இருக்கே, குடுத்தீங்கன்னா எந்தக் காலத்துலயும் எந்த சாப்ட்வேர்லயும் திறக்கிற மாதிரி நான் மாத்தி வச்சிர்றேன்னு. பாத்தீங்களா திட்டத்த? ஓபன் பைலக் கேக்கா. நான் முறைச்ச முறைப்புல தள்ளிப் போயிருச்சு. ஆனா அண்ணாச்சி விடல. ஒரு நாப்பதாவது குடு காளி, அதுல ஓடுதான்னு பாப்போம்ங்காரு. முதலாளி சொல்லும்போது என்ன பண்றது. நான் என்ன லேசுப்பட்டவனா, கழிச்சுப் போட்ட போல்டர் ஒண்ணு இருந்துச்சு. நான் தொழிலுக்கு வந்த புதுசுல பண்ணது. எந்த ஏஜெண்டும் கையால தொடாதது. அத வேணா எடுத்துக்கோன்னேன். பென்டிரைவ சொருகி எடுத்துக்கிட்டுப் போனா. கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கிட்டா, கழிவ.

அந்த வாரத்துலதான் எல்லாம் நடந்துச்சு.

எப்படின்னு கேளுங்க. ஒரு நகைக்கடை காலண்டருக்குப் பொண்ணு போட்டா வந்திருந்துச்சு. பறக்கிற முடி. பின்னாடி இருக்கிறத எடுக்கணும். அந்தப் புள்ள அரை நாளா ஒவ்வொரு முடியாப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. நான் அண்ணாச்சிகிட்டச் சொன்னேன், என் சாப்ட்வேர்ல இப்ப புதுசு வந்திருக்கு, ஒரு கிளிக்கு, முடி தனி, பொண்ணு தனி, நாளைக்குக் காட்டுறேன்னு. சொல்லிட்டேன். என்கிட்ட இருந்தது பழசு. முன்ன மாதிரி டிவிடி கடையெல்லாம் இப்ப ஏது? அதனால என் பெட்டியில முதல் தடவையா நெட்ட மாட்டினேன். அதுவரைக்கும் மாட்டுனது கிடையாது. மாட்டுனா, போலின்னு கண்டுபிடிச்சு சாப்ட்வேர நிறுத்திருவான்ல. தேடி எடுத்து எறக்குனேன். ஆண்டி வைரஸ ஆஃப் பண்ணிட்டுப் போடுன்னு எழுதியிருந்துச்சு. அது எல்லாத்துலயும் எழுதியிருக்கிறதுதான், புதுசு இல்ல. ஆஃப் பண்ணிட்டுப் போட்டேன். சாப்ட்வேர் திறக்கல. சரி, காலையில பாப்போம்னு வீட்டுக்குப் போயிட்டேன்.

காலையில வந்து பாத்தா ஸ்கிரீன் பூராம் செகப்பு. இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. எங்க அக்கவுண்டன்டு வாசிச்சுச் சொன்னாரு, உன் பைலையெல்லாம் பூட்டிட்டோம், சாவி வேணும்னா பணம் அனுப்புன்னு. ஒவ்வொரு பைலுக்கும் பின்னாடி என்னமோ வால் முளைச்சிருக்கு. லட்சுமி இல்ல, முருகன் இல்ல. பேரு மட்டும் இருக்கு, திறந்தா ஒண்ணும் இல்ல. பிரஸ்ஸு வாசப்படியில உக்காந்துட்டேன் தம்பி. அம்மா செத்தப்பக்கூட நான் அப்படி உக்காரல.

எனக்கு அப்பவே தெரியும், இது அந்தப் புள்ள வேலைதான். நாலு நாளைக்கு முன்னாடி அவ பென்டிரைவ் இதுல சொருகியிருந்துச்சா இல்லையா? இருபத்திரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகாத பெட்டி. நான் எல்லாரு முன்னாடியும் கேட்டேன். அந்தப் புள்ள அழுகல. பென்டிரைவ எடுத்து அண்ணாச்சி கையிலயே குடுத்துச்சு. அந்த நாப்பதும் முழுசா இருந்துச்சு. அண்ணாச்சி என்னைய, நேத்து இந்தப் பெட்டியில என்ன பண்ணேன்னு கேட்டாரு. நான் சொன்னேன். அவரு பென்டிரைவ அந்தப் புள்ள கையிலயே திருப்பிக் குடுத்துட்டு உள்ள போயிட்டாரு. கண்ணு முன்னாடி இருக்கிறத நம்பாம அந்த மனுசன் எப்படி மயங்கிக் கிடக்காரு பாருங்க.

ஆடி பதினெட்டுக்கு இருபது நாள்தான் இருந்துச்சு. ஆல்பத்துக்கு என்ன பண்றது? அச்சடிச்ச பழைய அட்டைய வச்சு மறுபடி பண்ணலாம்னு அண்ணாச்சி சொன்னாரு. அந்தப் புள்ள எல்லா அட்டையையும் தரையில விரிச்சு வச்சு ரெண்டு நாளா குத்த வச்சுப் பாத்துச்சு. மூணாவது நாளு என்கிட்ட வந்து நின்னுச்சு. கையில ரெண்டு அட்டை. அண்ணே, இந்த லட்சுமி மூஞ்சி வேற பிரஸ்ஸு காலண்டர்ல இருந்து எடுத்ததான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். கை? அது இன்னொண்ணுல இருந்து. தாமரை? அது ஒரு சோப்பு டப்பாவுல இருந்து. இதுல என்ன இருக்கு? எங்க ஊருல எல்லாரும் அப்படித்தான். என் படத்தையும் பத்துப் பேரு வெட்டி ஒட்டியிருக்கான். நான் கேட்டேனா? நாலு மூஞ்சியில நல்ல மூஞ்சி எதுன்னு பாக்கத் தெரியணும்ல, அதுதான் தொழிலு.

அப்பதான் அது சொல்லுச்சு, இன்னைக்கு வரைக்கும் காதுல இருக்கு. "அப்ப இதையெல்லாம் நான் எடுக்க மாட்டேண்ணே. அந்த நாப்பதுலதான் நீங்க வரைஞ்சிருக்கீங்க. அத மட்டும் எடுத்துக்கிடுறேன்."

என்ன திமிரு பாருங்க. அந்த நாப்பது எதுன்னு உங்களுக்குச் சொல்றேன். எனக்கு இருபத்திநாலு வயசு இருக்கும். மவுச வச்சே வரைவேன், ஒவ்வொரு கோடா. எங்க தெருக் குழாயில ஒரு சின்னப்புள்ள கையக் குவிச்சுத் தண்ணி குடிக்கும், பக்கத்துல ஒரு ஆட்டுக்குட்டி அந்தச் சிந்துற தண்ணிக்கு நாக்க நீட்டும். அந்த மாதிரிதான் எல்லாம். தீப்பெட்டி ஒட்டுற பொம்பளைக, மழையில நனையிற சைக்கிளு. ஒரு வாரம் ஆகும் ஒண்ணு முடிக்க. முடிச்சு ஆல்பத்துல வச்சா ஏஜெண்டுக சிரிச்சாங்க. சாமி இல்லாம காலண்டரான்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் வரையல. வெட்டி ஒட்டுனா ஒரு நாள்ல முடிஞ்சு போகும். பேரு வாங்குனேன். அதத் தூக்கிட்டு வந்து இப்ப நடு ஆல்பத்துல வைக்கிறேங்குது இந்தப் புள்ள.

நான் தடுக்கல. வைக்கட்டும், ஏஜெண்டுக வந்து காறித் துப்பட்டும்னு விட்டுட்டேன். சாமிப்படம் பத்துப் பதினஞ்சு அது சொந்தமா வரைஞ்சுச்சு. பாக்கிக்கு என் கழிவு. ஆடி பதினெட்டு அன்னைக்கு பூசை முடிஞ்சு ஆல்பத்தப் பொரட்டுறேன். அந்தக் குழாயடிப் புள்ளப் படம். அடியில, ஓரத்துல, சின்ன எழுத்துல என்னமோ இருக்கு. கண்ணாடியப் போட்டுப் பாக்கேன். "வரைந்தவர்: சி. காளிராஜ்."

தம்பி, எங்க ஊருல அந்த வழக்கமே கிடையாது. ஜவுளிக்கடை பேரு பெருசாப் போடுவோம். பிரஸ்ஸு பேரு அடியில போடுவோம். பஞ்சாங்கம் கணிச்சுக் குடுத்த அய்யரு பேரு கூடப் போடுவோம். டிசைனர் பேர எவன் போடுவான்? நான் பண்ண அட்டை எத்தனை லட்சம் வீட்டுல தொங்கியிருக்கும்? ஒரு வீட்டுல என் பேரு இருந்திருக்குமா? எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. எல்லாரும் கழிச்சுப் போட்டதுக்குப் போயி என் பேர எழுதி என் மானத்த வாங்குறான்னு நேராப் போயி கேட்டேன். யாரக் கேட்டுப் போட்டேன்னேன்.

"இப்படி சாப்ட்வேர் எழுதிச் சும்மா குடுக்கிற எங்க ஆளுக வழக்கம் அப்படிண்ணே. சும்மா எடுத்துக்கிடலாம், மாத்திக்கிடலாம். ஆனா பண்ணவங்க பேர எடுத்துட்டா அது திருட்டு."

திருட்டாம். என்கிட்டச் சொல்றா. நானு இருபத்திரெண்டு வருஷமா தொழில் பண்றவன்.

அண்ணாச்சி அங்கனதான் இருந்தாரு. வேண்டாம்னா சொல்லு காளி, பேர எடுத்துரச் சொல்றேன்னாரு. எல்லாரும் என்னையவே பாக்காங்க. நான் ஒண்ணும் சொல்லல. கோபத்துல வாய் வரல. அப்ப ஒரு கோயமுத்தூர் ஏஜெண்டு வந்து, இந்தக் குழாயடிப் படம் யாரு பண்ணது, இது மாதிரி மாசத்துக்கு ஒண்ணா பன்னெண்டு கிடைக்குமான்னு கேக்கான். சாமி இல்லாம காலண்டரான்னு கேட்டானுகளே, அதே ஏஜெண்டுக கூட்டம்தான். காலம் கெட்டுப் போச்சு. அண்ணாச்சி என்னையக் கையக் காட்டுறாரு. அப்புறந்தான் அந்தத் திங்கக்கிழமப் பேச்சு. பன்னெண்டு படம் வேணும், வெட்டி ஒட்டக் கூடாது, வரையணும், அந்தப் புள்ள பக்கத்துல உக்காந்து அந்த சாப்ட்வேரக் கத்துக்கன்னு. நான் சொல்லிட்டேன், என் பெட்டியச் சரி பண்ணிட்டு வாரேன், என் சீட்டுல உக்காந்து என் சாப்ட்வேர்ல பண்றேன், இந்த ஓசிப் பொழப்பு எனக்கு வேண்டாம்னு.

கள்ளிக்குடி தாண்டிட்டோம்ல. உங்க ஊரு வந்துரும்.

மதுரைக்காரங்க என்ன சொன்னாங்கன்னு சொல்லணும்லா. ரெண்டு பேரு பாத்துட்டு கைய விரிச்சுட்டானுங்க. மூணாவது ஆளு பெரிய கெட்டிக்காரன்னு சொன்னாங்க. பெட்டியத் திறந்து டிஸ்க்கக் கழட்டி அவன் கம்ப்யூட்டர்ல மாட்டுறான், பாத்தா அந்த ஸ்கிரீன்லயும் அதே பெங்குவின். உங்ககிட்டயுமா இந்த ஓசின்னு கேட்டேன். இது இல்லாம இந்த வேலையே பாக்க முடியாது சார்னு சிரிக்கான். ஒரு மணி நேரம் தட்டிப் பாத்தான். சாவி வச்சிருக்கவன் தந்தாத்தான் உண்டு, பணம் கட்டுனாலும் தருவான்னு நிச்சயம் இல்ல, காப்பி எதுவும் எடுத்து வைக்கலையான்னு கேட்டான். அந்தப் புள்ள கேட்ட அதே கேள்வி. எல்லாரும் பேசி வச்ச மாதிரி கேக்கானுங்க.

ஆக இதுக்குள்ள ஒண்ணும் இல்ல. தெரியும். இருந்தாலும் கீழ வைக்க மனசு வரல.

அந்தப் புள்ளய நான் லேசுல விடப் போறதில்ல. திங்கக்கிழம போறேன், போயி கேக்கேன். பன்னெண்டு படத்துக்கும் பேரு போடுவியா, இல்ல ஒண்ணோட நிறுத்திருவியான்னு மூஞ்சிக்கு நேரா கேக்கேன். அந்தக் கீயெல்லாம் என் விரலுக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சேன்னு சொன்னாள்ல, அது நிசமா பொய்யான்னு உக்காந்து பாத்துட்டுத்தான் மறுவேலை.

எந்திரிக்காதீங்க, ஸ்டாப்பு இன்னும் வரல. உங்க மடியில இருக்கிற அந்த மஞ்சப்பையில ஒரு அட்டை சுருட்டி வச்சிருக்கேன், எடுங்க. பெட்டி மடியில இருக்கு, எனக்குக் கை எட்டாது. ஆமா, அதுதான். மதுரைக்காரன்கிட்டக் காட்டலாம்னு எடுத்துட்டுப் போனேன், கேக்கல அவன். ரப்பர் பேண்டக் கழட்டுங்க. அந்தத் தண்ணி குடிக்கிற புள்ள கையப் பாருங்க, விரலு விரலா நான் போட்டது, அப்ப எனக்கு நல்ல கண்ணு. கை இருக்கட்டும், அடியில பாருங்க, ஓரத்துல. தெரியுதா? எழுத்து ரொம்பச் சின்னதாப் போட்டுட்டா. கொஞ்சம் சத்தமா வாசிங்க, பஸ்சு சத்தத்துல கேக்க மாட்டேங்குது.

ம். சரி, குடுங்க. மடிப்பு விழாமக் குடுங்க தம்பி.